இரும்புத்துரையின் இடது கை

அத்தியாயம் நான்கு

"என் வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுக்கணும். நாளைக்குக் காலையில வேணும்."

தைக்கக் கொடுத்த துணியைக் கேட்கும் குரலில் இதைச் சொல்லிவிட்டு, வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் பழைய துணியில் சுற்றிய சதுரமான பொருள் ஒன்று இருந்தது.

"செத்தவங்களைக் கண்டுபிடிக்கிறது சுலபம்மா," என்றான் ரேடியோ. "ஓட மாட்டாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றாள் அண்ணி.

அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிற எல்லோருமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் ரேடியோதான். அவன் அவளுடைய கணவனின் தம்பி. கணவன் வேறொரு வாழ்க்கைக்குக் குடிபோன பிறகும் தம்பி மட்டும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். கூப்பிடும் முறையை மாற்றிக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. கேட்டவர்கள் எல்லாம் அப்படியே பழகிவிட்டார்கள். கட்டியவன் போய்விட்டான், அவன் வழியாக வந்த உறவுமுறை மட்டும் பெயர்ப்பலகை மாதிரி நின்றுவிட்டது. கழற்றிவிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறாள். கழற்றினால் சுவரில் வெளுப்பாகத் தெரியப்போகும் இடத்தை நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவாள்.

ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பத்து நிமிடம் கூட இருந்தால் போதும்.

வந்தவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, ஊரார் வெட்கப்பட்டுச் சொல்லும் வியாதிகளை எல்லாம் முகம் மாறாமல் கேட்டுக் கேட்டு, தன் கதையைச் சொல்லும்போதும் அந்த முகத்தையே வைத்திருந்தார்.

"அவர் காமிக்ஸ் ஓவியர். பிரிட்டன்ல ஒரு வாரப் பத்திரிகை. கதையை அங்கேருந்து தபால்ல அனுப்புவாங்க. இவர் இங்க உட்கார்ந்து படம் போட்டு அனுப்புவார். ஒரு ரோபோ கதை. இங்க தமிழ்ல அதை இரும்புத்துரைன்னு போட்டாங்க."

ரேடியோ எழுந்து நின்றுவிட்டான். "சுவரை இடிக்கிறதுக்கு முன்னாடி கதவைத் தட்டுமே, அந்தத் துரையா?"

"அதேதான்."

"'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு சொல்லிட்டு இடிக்கும் அண்ணி! உள்ள ஆளே இல்லைன்னாலும் சொல்லும். கடைசிக் கதையில சுரங்கத்துக்குள்ள கூரையைத் தாங்கிட்டு நிக்கும். தொழிலாளிங்க எல்லாம் அது காலுக்கு நடுவுல புகுந்து ஓடுவாங்க. 'அடுத்த வாரம் துரையின் கதி என்ன?'ன்னு கேட்டிருந்தாங்க. அடுத்த வாரம் ஃபுட்பால்."

"பத்திரிகை நஷ்டமாயிடுச்சு," என்றார் மருந்துக்கடை அம்மா. "ஒரு ஃபுட்பால் பத்திரிகையோட சேர்த்துட்டாங்க. ரோபோவுக்கு அதுல இடம் இல்ல. அதுக்கப்புறம் அவர் கொஞ்ச மாசம் வீட்ல இருந்தார். ஒருநாள் வெளிய போனார். வரலை. சண்டை எல்லாம் இல்ல. ஏழு வருஷம் தாண்டியாச்சு. நாளைக்குக் கோர்ட்ல, 'எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவர் உயிரோட இல்லை'ன்னு நான் கையெழுத்துப் போட்டா, அவர் சட்டப்படி இறந்தவர்."

"இத்தனை நாள் போடலையே. இப்ப எதுக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"எனக்காக ஒருத்தர் காத்திட்டிருக்கார். மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார்." முதல் முறையாக அந்தக் குரல் எதிலோ இடறி, உடனே சரியானது. "ரெண்டு பேருக்கும் அம்பது தாண்டிடுச்சு. இதுக்கு மேல யோசிச்சா சிரிப்பாங்க. இப்பவே சிரிக்கிறாங்க, அது வேற விஷயம்."

"அப்ப என்னம்மா தடை?"

அவர் மடியிலிருந்த துணியைப் பிரித்தார். கண்ணாடி போட்ட ஃப்ரேம். உள்ளே, கறுப்பு மையில் வரைந்த ஒரு காமிக்ஸ் பக்கம். ஆறு கட்டங்கள். பீப்பாய் மார்பும் ஆணி அடித்த தோள்களுமாக இரும்புத்துரை சுரங்கத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"இது வந்ததே இல்லையே!" என்றான் ரேடியோ.

"நேத்து ஒரு ஃப்ரேம் கடை வாசல்ல மாட்டியிருந்தது. கெஞ்சி, ஒரு நாளைக்குன்னு வாங்கிட்டு வந்தேன். யார் குடுத்தாங்கன்னு கடைக்காரர் சொல்ல மாட்டேங்கறார். படத்துல கையெழுத்து கிடையாது. அந்தப் பத்திரிகைக்காரங்க போட விட்டதே இல்ல, போட்டா வெள்ளை பூசிடுவாங்க." ஃப்ரேமை மேசைமேல் வைத்தார். "இதை அவர் வரைஞ்சிருந்தா உயிரோட இருக்கார். நான் கோர்ட்ல போய்ப் பொய் சொல்ல மாட்டேன். மருந்துச்சீட்டுல ஒரு எழுத்து புரியலைன்னாலும் டாக்டருக்கு போன் போட்டுக் கேக்கறவ நான்."

கணவன் செத்திருக்க வேண்டும் என்று விரும்பும் பெண்ணை அண்ணி இதற்கு முன் பார்த்திருக்கிறாள். அவர்கள் குரலில் கோபம் இருக்கும். இவரிடம் இருந்தது வேறு. பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் நின்று யோசிப்பவரின் முகம். ஏழு வருஷமாக இவர் பாதி வழியில் நிற்கிறார்.

"பழைய படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பழைய இதழ்கள் சிலவற்றையும் கொண்டுவந்திருந்தார். அண்ணி அவற்றை ஃப்ரேமுக்குப் பக்கத்தில் பரப்பினாள். கோடுகள் ஒன்றுபோலத்தான் இருந்தன. புதியதில் கொஞ்சம் நடுக்கம். வயதானால் நடுங்கும், அடுத்தவர் கோட்டைத் திருடினாலும் நடுங்கும்.

"துரைக்கு என்ன ஆச்சு?" ரேடியோ குனிந்து பார்த்தான். "சுரங்க மேனேஜரோட கை குலுக்கற லட்சணத்தைப் பாருங்க. பஸ்ல மீதிச் சில்லறை வாங்கற மாதிரி நீட்டிட்டு நிக்குது."

அண்ணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் ஒரு இதழிலிருந்து இன்னொரு இதழுக்குத் தாவிக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ, ஒரு கையை வரை."

"யார் கையை?"

"உன் கையைத்தான்."

அவன் பென்சிலை எடுத்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்து நீட்டினான். முள்கரண்டிக்கும் பூசணிப்பூவுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. ஆனால் கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று சந்தேகம் இல்லை.

"இடது கையை ஏன் வரைஞ்சே?"

"வலது கையில பென்சில் இருக்கே அண்ணி. அதைப் பார்த்து வரையணும்னா பென்சிலைக் கீழ வைக்கணும். வச்சுட்டா எதால வரையறது?"

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எந்தக் கைப்பழக்கம்?"

மருந்துக்கடை அம்மா நிமிர்ந்தார். "இடது கை. கத்தரிக்கோல்கூட அவருக்குத் தனியா வாங்கணும்."

"பழைய பக்கங்களைப் பாருங்க. துரையோட கை பெருசா வர்ற இடம் எல்லாம் வலது கை. அவருக்குச் சும்மா இருந்த கை அதுதான், அதைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சிருக்கார். இந்தப் புதுப் பக்கத்துல ஆறு கட்டத்துலயும் இடது கை." ஃப்ரேமை அவர் பக்கம் திருப்பினாள். "இதை வரைஞ்சவர் பென்சிலை வலது கையில பிடிச்சவர்."

"அப்ப அவர் இல்ல."

"யாருன்னு பார்த்துட்டு வந்துடறேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

*

ஃப்ரேம் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், "வாடிக்கையாளர் விஷயத்தை வெளிய சொல்றது இல்லைங்க."

"நீங்க ஃப்ரேம் போடறீங்களா, பிரசவம் பாக்கறீங்களா?" என்றான் ரேடியோ.

அண்ணி ஃப்ரேமை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். "வேலை சுத்தமா இருக்கு. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு தூசி மட்டும் மாட்டிக்கிச்சு."

"எங்க?"

"இதோ. சின்னதுதான், விடுங்க. யார் பாக்கப் போறாங்க?"

அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். பின்பக்க ஆணிகளை மடமடவென்று நிமிர்த்தி, பலகையை எடுத்து, படத்தை வெளியே உருவி மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் துவங்கினார். அவர் துடைத்துக்கொண்டிருக்கையில் அண்ணி படத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓவியர்கள் வாங்கும் அட்டை அல்ல. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறம். மேல் விளிம்பில் கழுத்துப்பட்டைக்காக அரைவட்டமாக வெட்டியிருந்தது. சலவைக்குப் போன சட்டை மடிப்புக் கலையாமல் இருக்க உள்ளே வைக்கும் அட்டை. முகர்ந்தாள். கஞ்சி வாசனை.

"தூசியைக் காணோமே," என்றார் கடைக்காரர்.

"துடைச்சுட்டீங்க இல்ல? போயிருக்கும்."

வெளியே வந்ததும் ரேடியோ அவளைப் பார்த்தான். "தூசியே இல்ல, இல்லையா?"

"இல்ல."

"உங்களை விட்டு அண்ணன் ஏன் போனான்னு சில சமயம் புரியுது அண்ணி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் சிரித்துவிட்டாள். அதனால் இருவரும் தப்பித்தார்கள்.

*

அந்த வட்டாரத்தில் அட்டை வைத்துச் சட்டை மடிக்கும் கடை ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் செய்தித்தாளோடு சரி.

உள்ளே நீராவியின் ஈரச் சூடு. கம்பியில் வரிசையாகத் தொங்கிய சட்டைகளுக்குப் பின்னால் சலவைக்கடைக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு மாடிப்படி. அவருடைய வலது கையில் பெட்டி. இடது கை அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது: துணியை நீவி, சுருக்கத்தை இழுத்து, கழுத்துப்பட்டையைக் கிள்ளிப் பிடித்து, பொத்தானைத் தூக்கி, பெட்டி வருவதற்குள் விலகி.

அண்ணி ஃப்ரேமைக் காட்டினாள். பெட்டி நின்றது.

"நான்தான் வரைஞ்சேன்," என்றார் அவர்.

"யார் வரைஞ்சதுன்னு நாங்க இன்னும் கேக்கலையே," என்றான் ரேடியோ.

"கேக்கத்தானே வந்திருக்கீங்க."

"துரை சுவரை இடிக்கும்போது என்ன சொல்லும்?"

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

ரேடியோவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் கையை நீட்டி அவர் இடது கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"எந்தக் கையால வரைவீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"இதாலதான்." வலது கையிலிருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டினார். பிறகு, கேட்காமலேயே சொன்னார். "சுரங்கத்துக்குள்ள அதை அப்படியே விட்டுட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை. வெளிய கொண்டு வந்துட்டேன். அது தப்பா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் பொய் இல்லை. பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த அண்ணிக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. கதை முடியாமல் நின்றுபோனதைத் தாங்க முடியாமல் ஒருவர் தானே முடித்து வைக்கிறார். அதில் என்ன தப்பு?

"தப்பே இல்ல," என்றாள்.

*

மருந்துக்கடையில் ஒரு ஆள் தொண்டைக் கரகரப்புக்கு மாத்திரை கேட்டுக்கொண்டு நின்றார். மருந்துக்கடை அம்மா அதைக் கத்தரித்துக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"ஒரு சலவைக்கடைக்காரர் வரைஞ்சது," என்றாள் அண்ணி. "ரசிகர். வலது கைக்காரர்."

"சரி."

"நீங்க நாளைக்குப் போடலாம்."

"சரி." அலமாரியில் சாய்ந்திருந்த ஒரு டப்பாவை நேராக்கினார். "அழுவேன்னு நினைச்சேன். பசிக்குது."

அண்ணிக்கும் அது ஒரு நல்ல முடிவாகத் தெரிந்தது. தெருவில் இறங்கி நடந்தபோது, வெகுநாள் கழித்து, ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்து முடித்த நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியின் மேல் அவளுக்கு ஒரு சின்னச் சந்தேகமும் இருந்தது. கேட்டவருக்கு எது வேண்டுமோ அதுவே உண்மையாகவும் இருப்பது அவள் தொழிலில் அடிக்கடி நடப்பதில்லை.

*

பிற்பகலில் ரேடியோ ஓவியனாகிவிட்டான். காலையில் வரைந்த கை அவனுக்கு ருசி காட்டிவிட்டது. இடது கையை மடக்கி ஒரு குத்து. விரலை நீட்டி ஓர் எச்சரிக்கை. ஐந்தையும் விரித்து ஒரு 'நில்'. ஒவ்வொன்றுக்கும் கையை அப்படி அப்படி மேசைமேல் வைத்துக்கொண்டு வரைந்து தள்ளினான்.

"பாருங்க அண்ணி. துரை என் கையில எப்படிக் குத்துது!"

அண்ணி பார்த்தாள். பிறகு, திருப்பிக் கொடுப்பதற்காக மேசை ஓரத்தில் வைத்திருந்த ஃப்ரேமைப் பார்த்தாள்.

"காலையில கையைப் பத்தி என்னமோ சொன்னியே."

"நான் நிறைய சொல்வேன். எதைக் கேக்கறீங்க?"

"சில்லறை."

"ஆமா. சில்லறை வாங்கற மாதிரி நீட்டிட்டு நிக்குது. பாறையைத் தள்ளுது, கை அப்படியே. இரும்புக் கதவைத் திறக்குது, கை அப்படியே. கண்ணுல தூசியைத் துடைக்குது, அப்பவும் பாருங்க, உள்ளங்கை மேல பார்த்து, விரல் பாதி மடங்கி—" ரேடியோ நிறுத்தினான்.

"சொல்லு."

"வேற மாதிரி வச்சு வரைஞ்சிருக்கலாமே. சொந்தக் கைதானே."

"சொந்தக் கைதான்."

அவளுக்குச் சலவைக்கடைக்காரரின் இடது கை நினைவுக்கு வந்தது. நீவி, இழுத்து, கிள்ளி, விலகி, ஒரு கணம்கூட ஓயாத கை. அப்படி ஒரு கையை எதிரில் வைத்துக்கொண்டு வரைகிறவர் ஆறு கட்டத்திலும் இதையா வரைவார்? இது மேசைமேல் தூக்கிப் போட்ட கை. எடுத்து வைத்த இடத்தில் கிடக்கும் கை. வரைந்தவர் அதைக் குத்தச் சொல்லியிருப்பார், தள்ளச் சொல்லியிருப்பார். அது கேட்டிருக்காது.

"இதை வரைஞ்சவர் வலது கைக்காரர் இல்ல, ரேடியோ. வலது கைக்கு மாறினவர். இடது கை விழுந்துடுச்சு."

ரேடியோ வெகுநேரம் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய சாதனை.

"இன்னொண்ணு," என்றாள். "ஒரு படத்தைத் தூக்கிட்டு ரெண்டு பேர் வந்து விசாரிக்கிறோம். ஏன் கேக்கறீங்கன்னு அந்தச் சலவைக்கடைக்காரர் ஒரு வார்த்தை கேக்கலை. அவருக்குத் தெரியும்."

"விட்டுடலாம் அண்ணி."

"என்ன?"

"அந்தம்மாவுக்குப் பசிக்குதுன்னாங்க. ஏழு வருஷம் கழிச்சு. இப்பப் போய் எதுக்கு? அவர் செத்தவராவே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

அண்ணி ஃப்ரேமைத் துணியில் சுற்றினாள். முடிச்சுப் போட்டுக்கொண்டே, அவனைப் பார்க்காமல் கேட்டாள்:

"உங்க அண்ணன் எங்க இருக்கார்னு உனக்குத் தெரியும், இல்ல?"

மேசைமேல் பென்சில் உருண்டது. அவன் அதைப் பிடிக்கவில்லை.

"தெரியும்."

"நான் கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"நான் கேக்காம இருக்கிறது என் இஷ்டம். எனக்குத் தெரிய வேண்டாம்னு நீ முடிவு பண்ணியிருந்தா, உன்னை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்." முடிச்சை இறுக்கினாள். "இந்தம்மா கேட்டுட்டாங்க. கிளம்பு."

*

சலவைக்கடைக்காரர் இந்த முறை மாடிப்படிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"மேல யாரும் இல்லைங்க."

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றான் ரேடியோ, வருத்தத்தோடு.

அவர் ஒதுங்கினார். "நான்தான் அதை ஃப்ரேம் போடக் குடுத்தேன். கடையில மாட்டிக்கலாம்னு. அந்த ஆள் வாசல்ல மாட்டுவான்னு யாருக்குத் தெரியும்?" பின்னாலிருந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரெண்டு வருஷம் பென்சிலையே தொடலைங்க. அந்தப் பக்கம்தான் முதல் பக்கம்."

மாடியில் ஒரே அறை. சன்னல் ஓரம் மேசை. மேசைமேல் சாம்பல் அட்டைகள். நரைத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை, படத்தில் இருந்தபடியே, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் பாதி மடங்கி, மேசைமேல் கிடந்தது. ரேடியோ அதைப் பார்த்துவிட்டு, கோயில் வாசலில் நிற்பவன் போலச் செருப்பைக் கழற்றினான்.

"அவ அனுப்பினாளா?" என்றார் ஓவியர்.

"நீங்க செத்துட்டீங்களான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க," என்றாள் அண்ணி.

அவர் யோசித்தார். "நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"மதியம் செத்துட்டீங்கன்னு சொன்னேன். தப்பாயிடுச்சு."

"தப்பாவே இருக்கட்டுமே. அவ நல்லா இருப்பா."

"ஏன் போனீங்க?"

"கோபம் எல்லாம் இல்லைங்க." வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ என்ன கேட்டாலும், இந்தப் பக்கம் முடியட்டும்னுதான் சொல்லியிருக்கேன். சாப்பிட வாங்கன்னா, இந்தப் பக்கம் முடியட்டும். சினிமா போலாமான்னா, இந்தப் பக்கம் முடியட்டும். ஒருநாள் எல்லாப் பக்கமும் முடிஞ்சு போச்சு. சரி, இப்ப கேளுன்னு அவ எதிர்ல போய் உட்கார்ந்தேன். அவ ஒண்ணும் கேக்கலை. கேக்கறதை எப்பவோ நிறுத்தியிருக்கா. நான் கவனிக்கவே இல்ல. அந்த வீட்ல எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. கொஞ்சம் நடந்துட்டு வரலாம்னு போனேன். ஒரு நாள் தள்ளிப்போனதும் திரும்பறதுக்கு வெட்கமா இருந்தது. அப்புறம் அந்த வெட்கம் பெருசாயிடுச்சு."

இப்படியும் ஒருவர் போகலாம் என்று அண்ணிக்கு இதுவரை தோன்றியதில்லை. போகிறவர்கள் எல்லோரும் எதையாவது தேர்ந்தெடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றே நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் ஒரு கௌரவம் இருந்தது, கைவிடப்பட்டவருக்கும்.

"நான் அவங்களுக்குச் சொல்லியாகணும்," என்றாள். "நீங்க போறதா இருந்தா, இப்பவே போயிடலாம்."

"இந்தப் படியில இறங்கவே எனக்கு அரை மணி ஆகும்மா."

ரேடியோ கீழே போய் போன் செய்தான்.

மருந்துக்கடை அம்மா வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. தனியாக மாடி ஏறினார். வாசலில் நின்றார். அவருடைய பார்வை ஓவியரின் முகத்தில் தங்கவில்லை, கையில் தங்கவில்லை, சன்னல் விளிம்பில் வெயிலில் கிடந்த மாத்திரை அட்டைகளில் போய் நின்றது. நேராகப் போய் அவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெயில்ல வைக்கக் கூடாது."

"தெரியாது."

"அட்டையிலயே போட்டிருக்கு." நிழலில் இருந்த அலமாரித் தட்டுக்கு அவற்றை மாற்றினார். மாற்றிய பிறகும் அவர் கை தட்டிலேயே இருந்தது. "எப்ப விழுந்தது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"என்ன சொல்றது?"

"விழுந்துட்டேன்னு சொல்றது."

கீழே இஸ்திரிப் பெட்டியில் நீராவி சீறும் சத்தம் கேட்டது. அண்ணி வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். ரேடியோ வழியை அடைத்துக்கொண்டு நின்றான், வாயைத் திறந்தபடி.

"நாளைக்கு உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் மருந்துக்கடை அம்மா.

ஓவியர் மேசையைப் பார்த்தார். ஓர் அட்டையில் பாதிப் படம் இருந்தது. அதைத் தள்ளி வைத்தார். "இல்ல."

"அப்ப கோர்ட்டுக்கு வாங்க. செத்துட்டீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. உயிரோட இருக்கீங்க, என்னை விட்டுடறீங்க. அதை நீங்க சொல்லணும். எனக்காக ஒருத்தர் காத்திட்டிருக்கார். விவாகரத்து ஒரே நாள்ல முடியாது, மாசக்கணக்கா இழுப்பாங்க. அதுவரைக்கும் கூப்பிடும்போது எல்லாம் வரணும்."

"வர்றேன்."

"காணாம போகக் கூடாது."

"மாட்டேன்." பிறகு, மிகவும் மெதுவாக, "அவர் எப்படி?"

மருந்துக்கடை அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "வெளிய போனா எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போறார். சில நாள் அதுக்கு முன்னாடியே வந்துடறார். என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியறதில்ல."

ஓவியர் தலையாட்டினார். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள முயல்கிறவர் போல, மறுபடியும் ஒருமுறை ஆட்டினார்.

"கோர்ட்ல கையெழுத்துக் கேப்பாங்க. இந்தக் கையால இதுவரைக்கும் என் பேரை எழுதினதில்ல. படம் வருது. எழுத்து வரலை."

"இப்ப எழுதிப் பாருங்க."

மருந்துக்கடை அம்மா தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஓவியர் வலது கையில் பேனாவைப் பிடித்து அழுத்தினார். தாள் பேனாவோடு சேர்ந்து நகர்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி நகர்ந்தது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கை பக்கத்திலேயே கிடந்தது.

மருந்துக்கடை அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தாளின் ஓரத்தில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"நான் பிடிச்சுக்கறேன். எழுதுங்க."